சாவு வீட்டில் ஊர் பார்த்தவர்

"இன்னிக்கி எங்கயாவது விழுந்திருக்காம்மா?"

கடை ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருப்பேன், அதற்குள் இந்தக் கேள்வி வந்து நிற்கும். கேட்கிறவர் மழுங்கச் சவரம் செய்த முகமும் சலவை வேட்டியும் சட்டைப் பையில் சீப்புமாக, பெண் பார்க்கக் கிளம்பினவர் மாதிரி இருப்பார். எனக்கு அப்போது கடலூர் முதுநகரில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் அடிப்பேன். அவருக்கு அந்த மூன்றாவது வகையில் மட்டும்தான் ஆர்வம். போனது யார் என்பதுகூட வேண்டாம். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதர் குடிபோக ஊர் தேடிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் மாமா என்றுதான் தெருவே கூப்பிடும். எனக்கு அவர் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தவர். பிள்ளைகள் கிடையாது. ஆயுசெல்லாம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஓடி ஓய்ந்தவர். "நெல்லிக்குப்பம் எறங்கு, சேத்தியாத்தோப்பு எறங்குன்னு நாளெல்லாம் கத்துனேன். ஒரு ஊர்லயும் நான் எறங்கலியேம்மா," என்பார். எல்லா ஊரையும் படிக்கட்டில் நின்றே பார்த்தவர்.

எங்கள் தெரு கெடிலம் ஆற்றங்கரையில் இருந்தது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் ஆறு வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும். கரையை அகலப்படுத்தப் போகிறோம், தைக்குள் எல்லோரும் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெருவே இடம் பார்க்க அலைந்தது. ஒருத்தர் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தார், ஒருத்தர் நல்ல தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், இன்னொருத்தர் வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். என் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்தில் வேலை, அதனால் எங்களுக்குச் சிதம்பரம் என்று முடிவாகியிருந்தது. கண்டக்டர் மாமா மட்டும் சாவு வீடுகளுக்குப் போய் ஊர் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு வர்றவன் சோத்துக்கு வருவான்மா. எழவுக்கு வர்றான் பாரு, அவன்தான் ஊர்க்காரன். எனக்கு அந்த ஊர்க்காரன்தான் வேணும்."

அவர் அப்படி நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் சம்சாரம் போனது ஒரு மழை நாளில். தெருவில் முழங்கால் தண்ணீர். அன்றைக்கு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். ஆண்கள் தண்ணீரிலேயே தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுடுகாடு வரைக்கும் தூக்கிப் போனார்கள். "ஒருத்தரயும் நான் கூப்புடலம்மா. வந்தாங்க," என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தத் தெருதான் நாலாபக்கமும் சிதறப் போகிறது. "பயமா இருக்குதும்மா. எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?" என்று ஒருநாள் நேராகவே கேட்டார். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் ஊர்வலம்.

அரசாங்கம் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவதாகச் சொன்னது. மாமா போய் மூன்றாவது மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு, திரும்பத் திரும்பப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு இறங்கினார்.

"வூடு நல்லாத்தான் இருக்குது. படிக்கட்டு திருப்பத்துல பாடை திரும்பாதும்மா. நிக்க வச்சித்தான் எறக்கணும். உசுரோட இருந்தவரைக்கும் பஸ்ல நின்னுக்கினே போனேன். செத்தப்பறமும் நின்னுக்கினே போவணுமா?"

சொல்லிவிட்டு அவரே குலுங்கிச் சிரித்தார். வீடு காட்ட வந்த ஆள்தான் பாவம், வெளிறிப்போய் நின்றார்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு ஒரு வியாதி. எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கேதான் வரும். சாவு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவதில் இருந்த ஆபத்து மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆண்கள் பந்தலில் என்ன பேசுகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொள்வார், உள்ளே பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டு வர வேண்டும். "முந்தானைய வாயில வச்சிக்க. சிரிச்சாலும் அழுவற மாதிரிதான் இருக்கும்," என்று யோசனையும் அவரே சொன்னார். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல பொம்பளைங்க புருஷனோட சினிமாவுக்குப் போறாளுங்க. நீ கண்டக்டரோட எழவுக்குப் போற."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. வளைவு வந்தால் விசில். எதிரே லாரி வந்தால் என் தோள்பட்டைக்குப் பக்கத்தில் "வரட்டும் வரட்டும், லெப்ட் வாங்கு, ரைட் போலாம்." ஒரு தடவை ஆலப்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கிழவியைப் பார்த்து, "எடமில்ல, பின்னாடி வண்டி வருது," என்று கத்திவிட்டார். அந்தக் கிழவி எங்கள் ஸ்கூட்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்து முடித்துத்தான் எடுத்தேன்.

அவர் ஊருக்குப் பரீட்சை வைக்கிற விதமே தனி. வெறுங்கையோடு போகக் கூடாது, ஒரு மாலை வாங்கிக்கொள்வார். போனதும் முதலில் நாற்காலியைப் பார்ப்பார். "ஷாமியானாக்காரன் சேர் வர்றதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்து வூட்டு சேர் வந்துருக்கணும். செவப்பு, பச்ச, நீலம்னு கலர் கலரா கெடந்தா நல்ல தெரு. எல்லாம் ஒரே கலருன்னா வாடகை." அவர் காலமாகிச் சில வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் வழியில் எங்காவது சாவு வீட்டுப் பந்தலைப் பார்த்தால் என் கண் நேராக நாற்காலிக்குத்தான் போகிறது.

நெல்லிக்குப்பத்தில் நாற்காலி எல்லாக் கலரிலும் கிடந்தது. போனவர் கரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைக்காரர்களும் கரும்பு போடுகிற விவசாயிகளும் டிராக்டரில் கூட்டமாக வந்து இறங்கினார்கள். டீ தானாக வந்தது. மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இங்கேயே வீடு பார்த்துவிடலாம் என்று பந்தலில் இருந்தே எனக்குச் சைகை காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. உள்ளே பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நான் சொன்னேன்.

"எத்தினி விசில்?" என்றார் மாமா.

"அஞ்சாறு இருக்கும் மாமா."

"அஞ்சாறா? அப்ப கறி." சற்று நேரம் அந்த வீட்டையே பார்த்தார். "சோறுன்னாகூட போனாப் போவுதுன்னு உடலாம். பக்கத்து வூட்ல பொணம் கெடக்க சொல்ல கறி வேவுதுன்னா, நாளைக்கி எனக்கும் அதான். ஏறு வண்டில."

நெல்லிக்குப்பம் ஒரு குக்கரால் தோற்றது.

சிதம்பரத்தில் நடந்தது வேறு மாதிரி. நாங்கள் போகப்போகிற ஊராயிற்றே, இவரும் அங்கே வந்துவிட்டால் நல்லது என்று எனக்கு உள்ளூர ஆசை. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில், காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் போயிருந்தார். கூட்டம் இருந்தது. ஆனால் எல்லோரும் அயர்ன் கலையாமல் வந்து, கைகட்டிக் கொஞ்சம் நின்று, மணியைப் பார்த்துப் போனார்கள். அவர் பையன் ஒருத்தன் அமெரிக்காவில் இருந்தான். அவன் பார்ப்பதற்காக வீடியோ கால் போட்ட போனைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடினார்கள். கை நடுங்காமல் நின்றவர் எங்கள் மாமா ஒருத்தர்தான். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த கை ஆயிற்றே.

போனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். திடீரென்று போனுக்குள்ளிருந்து அழுகைக் குரல் கேட்டது. "அங்கிள், நீங்க அப்பா ஃப்ரெண்டா? அப்பா கடைசியா என்ன சொன்னாங்க அங்கிள்?"

மாமா அந்தப் பெரியவரைப் பார்ப்பதே அன்றைக்குத்தான், அதுவும் மூக்கில் பஞ்சோடு. ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் போனை முகத்துக்கு நேராகத் திருப்பி, "சாப்டானான்னு கேட்டாருப்பா," என்றார். அந்தப் பையன் தேம்பித் தேம்பி அழுதான். மாமாவும் அழுதார்.

திரும்பும்போது புவனகிரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, இருவரும் அடக்க முடியாமல் சிரித்தோம். "அங்கிளாம்மா நானு," என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சிதம்பரத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் போனேன்னு வையி, போன் புடிக்கக்கூட வெளியூர்லேர்ந்துதான் ஒருத்தன் வரணும்."

கிள்ளையில் நாங்கள் அடிபடாமல் தப்பியதே பெரிது. கடலோரத்து ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நான் போய் உட்கார்ந்த சூட்டோடு ஒரு அம்மாள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "எந்த ஊரும்மா? யாரு வகையில வந்த?" என்றாள். நான் வெளியே இருந்த மாமாவைக் காட்டினேன். அவள் எழுந்து நேராகப் பந்தலுக்கே போய்விட்டாள்.

"எறந்தவருக்கும் எனக்கும் ரொம்ப வருஷ சிநேகிதங்க," என்றார் மாமா உருக்கமாக. "தெனமும் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான் ஒக்காந்து பேசிக்கினு இருப்போம்."

போய்ச் சேர்ந்தது ஒரு பெண்மணி. பந்தலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மெதுவாக எழுந்து நின்றார்.

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினேன். மாமா ஓடுகிற வண்டியில் தாவி ஏறினார், அந்தப் பழக்கம்தான் இருக்கிறதே. பின்னால் யார் யாரோ கத்தினார்கள். பிச்சாவரம் பிரிவு தாண்டின பிறகுதான் பேச்சு வந்தது. "இதாம்மா ஊரு," என்றார் மூச்சு வாங்க. "வேத்தாள ஒடனே கண்டுபுடிச்சிட்டாங்க பாத்தியா? என்னா அருமையான ஊரு. இனிமே அந்தப் பக்கம் தலகாட்ட முடியாதபடி பண்ணிக்கினேனே."

இப்படியே ஐப்பசி பாதி ஓடியது. தெருவில் இரண்டு மூன்று வீடுகள் காலியாகிவிட்டன. ஒருநாள் காலை மாமாவுக்குப் பழைய டிரைவர் ஒருத்தர் போன் செய்தார். சேத்தியாத்தோப்பில் ஒரு அம்மாள் தவறிவிட்டாள், சாயங்காலம் எடுக்கிறார்கள் என்று.

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி மாமா மாலை வாங்கினார். எதிரே துணிக்கடை. தீபாவளிக்கு மாமியாருக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று எனக்கு நினைவு வந்தது. போனேன், மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட ஒன்றைப் பிடித்துப்போய் எடுத்தேன். என் ஸ்கூட்டரில் பை மாட்டுகிற கொக்கி உடைந்திருந்ததால் துணிக்கடைப் பையை மாமாவே மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை. பாடை கட்டி முடித்திருந்தது. மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கும்பல் கும்பலாக நின்று தணிந்த குரலில் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டிருக்க, மாமா முன்னால் நடந்தார். ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் துணிக்கடைப் பை.

தெருமுனையில் இருந்த ஒரு கிழவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "வந்துட்டாம்பா," என்றார்.

மேளம் சடாரென்று எழுந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, வெளியூரு ஆளுக்கு என்னா மரியாத," என்று கிசுகிசுத்தார்.

அதற்குள் செத்துப்போன அம்மாளின் மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சிதா மாமா?" என்று அலறினாள்.

விஷயம் எனக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. கல்யாணமான பெண் செத்துப்போனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வர வேண்டும். கோடி என்பார்கள். அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அந்த அம்மாளுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். ஏதோ சண்டையில் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனவர், பிள்ளைகள் முகம்கூடப் பார்த்ததில்லை. சொல்லி அனுப்பக்கூட விலாசம் இல்லை, கேள்விப்பட்டாவது வருவார் என்று காத்திருந்தார்கள். வரமாட்டான், எடுங்கள் என்று ஒரு கட்சி. தாய்வீட்டுக் கோடி இல்லாமல் எப்படி எடுப்பது என்று இன்னொரு கட்சி. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் தெருமுனையில் மாலையும் புதுப் புடவையுமாக ஒரு வயதானவர் நடந்து வந்தால் யார் என்று நினைப்பார்கள்?

பெண்கள் பையை வாங்கிப் பிரித்தார்கள். "கோடி வந்துடுச்சி, கோடி வந்துடுச்சி." என் மாமியார் புடவை வெளியே வந்தது. "நல்ல கலரு. சுமங்கலிக்கு ஏத்த கலராப் பாத்துதான் எடுத்தாந்திருக்கான்," என்றாள் ஒருத்தி. கண்ணில் பூ விழுந்த ஒரு கிழவி மாமாவின் முகத்தைத் தடவிப் பார்த்து, "மூக்கு அப்பிடியே அவுங்கப்பன் மூக்கு," என்று தீர்ப்புச் சொன்னாள்.

எனக்கு வந்துவிட்டது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினேன். தோள் இரண்டும் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நாலைந்து பெண்கள் என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். "அழுவாத கண்ணு. நீ மருமவளா?" வாயைத் திறந்தால் மானம் போகும், தலையை ஆட்டினேன். நானும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தேன்.

அந்தச் சிரிப்பு எனக்கு நின்றது எப்போது என்றால், மூத்த மகன் வந்தபோது. நல்ல வாட்டசாட்டமான ஆள். பாடைப் பக்கமிருந்து விறுவிறுவென்று வந்து மாமாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எங்கய்யா போன இத்தினி வருஷமா? ஒரு பஸ் ஏறத் தெரியாதா ஒனக்கு? பொங்கலுக்குப் பொங்கலு வாசலப் பாத்துக்கினே ஒக்காந்திருக்கும்யா எங்கம்மா. எங்கண்ணன் வரும், சீரு வரும்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு கெடக்கும். சீரா கேட்டுச்சி ஒன்ன? ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டியிருந்தா கொறஞ்சா போயிருப்ப? நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?"

யாரும் தடுக்கவில்லை. மாமா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் நார்க்கட்டிலில் செத்துப்போன அம்மாளின் புருஷன் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. சத்தம் வந்த பக்கம் திரும்பி, "வந்துட்டானா? வந்துட்டானில்ல, உடுடா அவன," என்றார்.

மாமா வாயை மூடிக்கொண்டார். பிறகு, "தப்புதாம்பா," என்றார். "தப்புதான். வந்திருக்கணும்." சட்டையிலிருந்து அந்தக் கை மெதுவாக இறங்கியது. மாமா புடவையை வாங்கி அந்த அம்மாள் மேல் போர்த்தி, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். அதில் துளி நடிப்பு இல்லை. சுடுகாடு வரைக்கும் தோளும் கொடுத்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லி நாங்கள் கிளம்புவதற்குள் அந்த மகள் அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வடலூர் வருகிற வரைக்கும் விசிலும் இல்லை, ரைட்டும் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"எவ்ளோ உரிமையாத் திட்னான் பாத்தியாம்மா? எஞ் சம்சாரம் போனப்பறம் என்ன யாரும் திட்டுனதில்ல. எல்லாரும் மரியாதையாப் பேசறாங்க. மரியாத இருக்குதே, அது வேத்தாளுக்குக் குடுக்கறதும்மா."

"அது உங்களுக்கு வந்த திட்டு இல்ல மாமா," என்றேன்.

"அதான தெரியுது," என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் போனதும், "ஒம் மாமியாருக்கு என்னா சொல்லப் போற?" என்று கேட்டார். அவ்வளவுதான், வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மாமியாரிடம் நான் பொய் சொல்லவில்லை. "எனக்கு எடுத்த பொடவயக் கொண்டுபோயி பொணத்துக்குப் போத்திட்டு வந்திருக்கா எம் மருமவ," என்று அவர் அதைத் தீபாவளி முடிகிறவரைக்கும் தெருத்தெருவாகச் சொல்லி வந்தார்.

மறுநாளிலிருந்து அந்த மகள் தினமும் போன் செய்ய ஆரம்பித்தாள். மாமா, சாப்பிட்டியா. மாமா, மழை ஜாஸ்தியா இருக்குதாமே, வெளிய போவாத. கருமாதிக்கு முன்கூட்டியே வந்துடணும், தாய்மாமன்தான் அண்ணனுங்களுக்குத் தலப்பா கட்டணும். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வழியும். வைத்ததும் திருடனைப் போல என்னைப் பார்ப்பார். அதற்குப் பிறகு, எங்கயாவது விழுந்திருக்கா என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. ஊர் தேடல் முடிந்துவிட்டது. அவருக்குச் சேத்தியாத்தோப்புதான் வேண்டும், அந்தத் தெருதான் வேண்டும். ஆனால் பொய்யோடு போய் அங்கே எப்படிக் குடியிருப்பது? உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவில் அப்புறம் எந்த முகத்தோடு கால் வைப்பது? தைக்கு வேறு நாள் குறைந்துகொண்டே வந்தது.

"சொல்லிட்டுதான் வரணும்மா," என்று கடைசியில் அவரே முடிவு செய்தார். "தலப்பா கட்றது சாமி காரியம் மாதிரி. அதுல போயி ஏமாத்தக் கூடாது. அடிச்சாலும் வாங்கிக்கினு வந்துடுவோம். வண்டிய மட்டும் ஸ்டார்ட்டிங்லயே வச்சிரு."

கருமாதிக்கு முந்தின வாரம் கிளம்பினோம். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். "தம்பி, ஒரு தப்பு நடந்து போச்சி. இல்ல, அப்பிடி வேணாம். தம்பி, நான் ஊரு பாக்க வந்தவன். ஐயய்யோ, சாவு வூட்லயான்னு கேப்பானே." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சேத்தியாத்தோப்பு நெருங்க நெருங்க என் தோளில் இருந்த அவர் கை கனத்தது, எனக்கும் அழுகை மாதிரி இருந்தது. இவரைத் துரத்திவிடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

மூத்த மகன் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், டீ சொன்னார். மாமா உட்காரவில்லை.

"தம்பி, நான் ஒங்க மாமன் இல்ல," என்றார். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "தெரியும்," என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமன் செத்துப் பல வருஷம் ஆவுது. ஒருதரம் தேடிக்கினு திருப்பூர் போனேன். போட்டோவுக்கு மால போட்டு வச்சிருந்தாங்க. அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றது? அது வாசலப் பாத்துக்கினே இருக்கட்டும்னு உட்டுட்டேன். தம்பி, தங்கச்சி, அப்பா, யாருக்கும் தெரியாது. அன்னிக்கி கோடிக்கு என்னா பண்றதுன்னு முழிச்சிக்கினு நிக்கறேன், நீங்க பையோட வர்றீங்க. யாரோ எவரோ, எங்கம்மா குறையில்லாம போவட்டும்னு பேசாம இருந்துட்டேன்."

"அப்பறம் ஏன் சட்டையப் புடிச்சீங்க?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் சுற்றுவதை நிறுத்தினார். "அந்தாள நேர்ல பாத்து நாலு வார்த்த கேக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து வச்சிருந்தேன்க்கா. கேக்கறதுக்குள்ள செத்துட்டான். இவரு மாமன்னு வந்து நின்னாரு. தெரிஞ்சிதான் புடிச்சேன். கை நிக்கல." மாமா பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீங்க ஏன் வாங்கிக்கினீங்க?"

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. வாய் ஓயாத மனிதர், ஓடுகிற பஸ்ஸில் ஊரையே சமாளித்தவர், தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"இன்னும் பாக்கி இருக்குதா தம்பி?"

"எது?"

"திட்றதுக்கு."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து மாமாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தார். "நெறைய இருக்குது," என்றார்.

"அப்பன்னா ஒங்க தெருவுலயே எனக்கு ஒரு வூடு பாரு," என்றார் மாமா.